ஊர்காட்டி

அமெரிக்காவில் வாழும் தமிழர்களை வகைபிரித்து எழுத முனைவோர் விசாவாலும் வேலையாலும் அவர்களைப் பிரிப்பதையே வழக்கமாகக் கொண்டிருப்பதால், அவ்விரண்டு பிரிப்புக்கும் பிடிபடாமல் வாரக்கடைசியில் மட்டுமே முழு வடிவம் பெறும் ஒருவர் அவர்களுடைய கணக்கில் விடுபட்டுப் போகிறார். சான் ஹோசே நகரைத் தலைமையிடமாகக் கொண்டது கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. அங்கே ஊரிலிருந்து வந்திறங்கும் பெற்றோர், மாமனார் மாமியார், பெரியப்பா, ஒன்றுவிட்ட அண்ணன், அந்த அண்ணனின் அலுவலக நண்பர் என யாராயினும் அவர்களைக் காரில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் கடமையைத் தலையில் சுமப்பவரே இங்கு ஊர்காட்டி எனப்படுகிறார். திங்கள் முதல் வெள்ளி வரை இவர் மென்பொருள் எழுதுகிறார் என்பது இந்த ஆராய்ச்சிக்குத் தேவையற்ற செய்தி.

இவரை அடையாளம் காண நம்பகமான குறி ஒன்று உண்டு: விருந்தினர் இல்லாமல் இவர் எந்தக் காட்சியிடத்துக்கும் போனதில்லை. ஆண்டுக்கணக்காக வின்செஸ்டர் புலவார் வழியாகவே அலுவலகம் சென்று வந்தபோதிலும், அந்தச் சாலைக்குப் பெயர் தந்த மாளிகைக்குள் இவர் முதன்முதலில் காலடி வைத்தது பெரியப்பா வந்தபோதுதான். அதன்பின் ஆண்டு தவறாமல் அதே மாளிகைக்குள் நுழைய நேர்ந்ததால், அங்கே வழிநடத்தும் பெண் நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் சிரித்து முடித்துவிடுகிறார். இவருடைய அறிவின் இயல்பும் தனித்துக் கூறத்தக்கது. கோல்டன் கேட் பாலம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்று கேட்டால் கைபேசியை எடுப்பார். அதே பாலத்தருகே காரை எங்கே நிறுத்தலாம், எந்த நேரத்துக்குப் பின் அந்த இடமும் கிடைக்காது, கழிப்பறை எந்தத் திசையில், அங்கே படிக்கட்டு உண்டா இல்லையா என்பவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். வயதான விருந்தினர் பார்வையில் இரண்டாவது வகை அறிவே கல்வி என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

ஊர்காட்டியின் துன்பத்துக்கு வேர், பி-2 எனப்படும் சுற்றுலா விசாவில் இருக்கிறது. அந்த விசாவில் வருபவருக்கு விமான நிலையக் குடிவரவு அதிகாரி வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி அளிப்பார். ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரக்கடைசிகள். கவுண்டியில் உள்ளவற்றையும் ஒரு நாளில் போய்த் திரும்பத்தக்க தொலைவில் உள்ளவற்றையும் எவ்வளவு நிதானமாகப் பரிமாறினாலும் பத்தாவது வாரத்தில் பந்தி முடிந்துவிடுகிறது. இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்த ஊர்காட்டி முதல் வாரத்திலேயே சிக்கனத்தைத் தொடங்கி, உறக்கக் கலக்கம் தீராத பெற்றோரைக் காஸ்ட்கோவுக்கு அழைத்துச் செல்கிறார். உறுப்பினர் அட்டையைக் காட்டினால் மட்டுமே உள்ளே விடும் இந்த மொத்த விற்பனைக் கடையை அவர் காட்சியிடமாகக் கருதுவதில் தவறு காண இயலாது. கூரையைத் தொடும் அடுக்குகளும், ஊரில் ஒரு திருமணத்துக்குப் போதுமான அளவில் கட்டிவைத்த எண்ணெய்ப் புட்டிகளும், தட்டில் வைத்து நீட்டப்படும் மாதிரித் தின்பண்டங்களும் முதியோருக்குத் தரும் வியப்பைப் பின்னால் வரப்போகும் எந்த அருங்காட்சியகமும் தருவதில்லை. வாசலில் ரசீதைச் சரிபார்த்துக் கோடு கிழிக்கும் ஊழியரிடம் தந்தை இரண்டு கையாலும் ரசீதை வாங்கி நன்றி சொல்கிறார்.

அடுத்து வருவது கட்டணச் சிக்கல். ஊரிலிருந்து வருபவர் எவரும் டாலரை ரூபாயால் பெருக்காமல் ஒரு பலகையையும் படிப்பதில்லை என்பதால், நுழைவுச்சீட்டின் விலையை மறைப்பது ஊர்காட்டியின் கைத்திறன்களுள் முதன்மையானது. சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுதல், விலை எழுதிய பலகைக்கும் தாய்க்கும் இடையே உடலைக் குறுக்கே நிறுத்துதல், "கம்பெனில குடுத்தாங்கம்மா" என்று பொய்யுரைத்தல் ஆகியவை வழக்கிலுள்ள முறைகள். இவற்றைவிட நேர்மையானதும் அவர் உள்ளுக்குள் பெருமைப்படுவதும் நூலக வழி. இங்குள்ள பொது நூலகங்களில் உறுப்பினரானவர் டிஸ்கவர் அண்டு கோ என்னும் திட்டத்தின் மூலம் பல அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதியோ சலுகையோ பெறலாம். ஆகவே சான் ஹோசே நூலகம், கவுண்டி நூலகம், சன்னிவேல் நூலகம் என்று மூன்று அட்டைகளையும் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஊர்காட்டி, அவற்றுள் ஒன்றினாலாவது ஒரு புத்தகம் எடுத்ததாகச் சான்று கிடைக்கவில்லை.

மேற்சொன்ன வின்செஸ்டர் மாளிகையைச் சற்று விரித்துக் கூறுவது பொருந்தும். ஏனெனில் ஊர்காட்டியின் திட்டம் வழக்கமாக முதலில் சரிவது அங்கேதான். துப்பாக்கி உற்பத்தியால் பெருஞ்செல்வம் சேர்த்த வின்செஸ்டர் குடும்பத்தின் மருமகளான சாரா வின்செஸ்டர், 1881இல் கணவரை இழந்தபின் சான் ஹோசேக்குக் குடிவந்து, 1886இல் ஒரு பண்ணைவீட்டை வாங்கி, 1922இல் தாம் இறக்கும்வரை அதைக் கட்டிக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருந்தார். ஏறத்தாழ 160 அறைகள், விட்டத்தில் முட்டி நிற்கும் படிக்கட்டு, திறந்தால் வெட்டவெளியில் இறக்கிவிடும் மாடிக் கதவு என்று வளர்ந்த அந்த வீட்டுக்கு, துப்பாக்கியால் மாண்டவர்களின் ஆவிகளை ஏமாற்றவே அம்மையார் இப்படிக் கட்டினார் என்னும் கதை ஒட்டிக்கொண்டது. வரலாற்றாய்வாளர்கள் இதை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். ஆயினும் நுழைவுச்சீட்டு அந்தக் கதையை நம்பித்தான் விற்கப்படுகிறது.

ஊர்காட்டியும் அந்தக் கதையையே நம்பியிருக்கிறார். ஆனால் தந்தை பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவராகிவிட்டால் நிலைமை மாறுகிறது. ஆவிகள் பற்றிய விளக்கத்தை மரியாதையுடன் கேட்டு முடித்த அவர், "ஆளுங்களுக்கு நாள் கூலியா, காண்ட்ராக்டா?" என்று மட்டும் வினவுகிறார். நாள் கூலிதான் என்று மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும், "அப்ப முப்பத்தாறு வருஷம் ஆகத்தான்டா செய்யும், இதுக்குப் பேய் எதுக்கு?" என்று அவர் வழக்கை முடித்துவைக்கிறார். தாயின் ஆய்வு இதனினும் நுட்பமானது. அந்த வீட்டின் ஒரு படிக்கட்டு நாற்பத்துநான்கு படிகளுடன் ஏழு முறை வளைந்து வளைந்து சென்றும் ஒன்பது அடி உயரமே ஏறுகிறது. ஒரு படியின் உயரம் இரண்டு அங்குல அளவே. மூட்டுவாதத்தால் அவதியுற்ற சாரா அம்மையாருக்காக அமைக்கப்பட்ட இந்தப் படிகளைச் சுற்றுலாக் கூட்டம் விந்தை என்று வியந்து நிற்க, முழங்கால் வலியுடன் பத்தாண்டுகளாக வாழும் தாய் கைப்பிடியைத் தொடாமலே ஏறி முடித்து, "இந்த வீட்லயே ஒழுங்கா யோசிச்சுக் கட்டினது இது ஒண்ணுதான்" என்று தீர்ப்புரைக்கிறார். மர்ம மாளிகையின் மர்மம் இவ்வாறு அரைமணி நேரத்தில் இருவராலும் அவிழ்க்கப்பட்டுவிட, எஞ்சிய அறைகளை ஊர்காட்டி தனியாகவே அஞ்சிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

ரோஸிக்ரூசியன் எகிப்திய அருங்காட்சியகத்தில் நேர்வது வேறு வகை இடர். கர்னாக்கில் உள்ள ஆமோன் கோயிலின் சாயலில் எழுப்பப்பட்ட முகப்பும், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களும் கொண்ட இந்த இடத்தை ஊர்காட்டி மிகவும் நம்புகிறார். குளிர்சாதனம் உண்டு, நாற்காலிகள் உண்டு, நூலக அனுமதியும் எப்போதாவது கிட்டும். சிங்கமுகத் தெய்வமான செக்மெட்டின் முன் தாய் பிரத்தியங்கிரா தேவியை நினைத்துக் கைகூப்பி நிற்பது வரையில் எல்லாம் சீராகவே நடக்கிறது. அடுத்த அறையில் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது பொம்மையன்று, உண்மையிலேயே ஒரு மனிதரின் பதப்படுத்திய உடல் என்று பேரப்பிள்ளை உற்சாகமாக அறிவிக்கும்போது நாள் குலைகிறது. இறந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிவிட்ட ஒருவருக்குத் தீட்டு எத்தனை நாள் என்பதற்குச் சாத்திரம் இடங்கொடுக்கவில்லை என்பதால், பாதுகாப்பான வழியாக அனைவரும் வீடு திரும்பித் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று முடிவாகிறது. போகும் வழியில் அதே நாக்லி அவென்யூவில் ஐந்தரை ஏக்கரில் விரிந்திருக்கும் நகராட்சி ரோஜாத் தோட்டத்தில் இறங்கலாமா என்று ஊர்காட்டி கேட்டுப்பார்ப்பது வீண். குளிக்காமல் பூவைத் தொடக் கூடாது, குளித்துவிட்டு வந்தாலும் அங்கே பூவைப் பறிக்கக் கூடாது.

இத்தகைய தோல்விகளுக்குப் பின் ஊர்காட்டி உயரத்தை நாடுகிறார். நகருக்குக் கிழக்கே 4,200 அடி உயரத்தில் ஹாமில்டன் மலைமேல் நிற்கும் லிக் வானாய்வுக்கூடம், 1888இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, உலகிலேயே பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கியைக் கொண்டிருந்தது. அது வில்லை வழியே ஒளியை வளைத்துக் குவிக்கும் வகை; வில்லையின் விட்டம் 36 அங்குலம். வியாழனின் ஐந்தாம் நிலவான அமால்தியாவை 1892இல் வானியலாளர் பர்னார்டு கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தது இதன் வழியாகத்தான். மலைப்பாதை 1876இல் குதிரைவண்டிகளுக்காகப் போடப்பட்டது; குதிரை இழுக்கத்தக்கதாக ஏற்றம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக நூற்றுக்கணக்கான வளைவுகள் வைக்கப்பட்டன. குதிரைகளுக்குக் காட்டிய இந்தக் கருணையைப் பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தவாறும் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தவாறும் அனுபவிக்கின்றனர்.

மேலே ஏறியதும் ஊர்காட்டி இதுவரை சேமித்துவைத்த செய்தியை வெளியிடுகிறார்: இந்தக் கூடத்துக்குப் பணம் கொடுத்த ஜேம்ஸ் லிக் 1876இல் இறந்துவிட, 1887இல் அவருடைய உடல் இங்கே கொண்டுவரப்பட்டுத் தொலைநோக்கியைத் தாங்கும் தூணின் அடியில் அடக்கம் செய்யப்பட்டது. விருந்தினர் திடுக்கிடுவார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால் இறந்த அரச குடும்பத்தவரின் நினைவாகச் சமாதிமேல் எழுப்பப்படும் பள்ளிப்படைக் கோயில்களை அறிந்த தந்தைக்கு, பட்டீசுவரத்துக்கு அருகில் முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்காக எடுப்பித்த பஞ்சவன்மாதேவீச்சரம் உடனே நினைவுக்கு வருகிறது. லிங்கத்துக்குப் பதிலாகத் தொலைநோக்கியை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிடுகிறார். தொடர்ந்து, ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறாயா என்று மகனைக் கேட்கிறார். தாம் முன்பு வசித்த வாணியம்பாடியிலிருந்து ஒரு மணிநேரத்தில் போய்விடக்கூடிய அந்த இடத்துக்கு மகன் போனதில்லை. காரணம், வாணியம்பாடியில் இருந்தவரை அவரிடம் விருந்தினர் யாரும் வரவில்லை. தாய் காரிலேயே தங்கிவிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது: கீழே சமாதி இருக்கிறது என்று கேட்டபின் மீண்டும் ஒருமுறை தலைக்குக் குளிக்க அவர் ஆயத்தமாக இல்லை.

கோல்டன் கேட் பாலம், லொம்பார்டு தெருவின் வளைவுகள், சாண்டா குரூஸ் கடற்கரை ஆகியவை எல்லா விருந்தினருக்கும் பொதுவான சடங்குகள் என்பதால் அவற்றை விரிக்கத் தேவையில்லை. கோடைக்காலத்தில்தான் பெற்றோர் வருவார்கள். கோடைக்காலத்தில்தான் பாலத்தைப் பனிமூட்டமும் மூடும். பட்டுப்புடவை, அதன்மேல் மகனின் நிறுவனச் சின்னம் பொறித்த ஜாக்கெட், கீழே வெள்ளை ஓட்டக் காலணி, தலையில் குரங்குக் குல்லா என்ற கோலத்தில் தாய் நிற்க, பின்னணியில் ஒன்றுமே தெரியாத படம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. உறவினர் குழுவுக்கு அனுப்பும்போது "பின்னாடி பாலம்" என்று எழுதப்படும்.

செர்ரி பறிக்கும் பயணமும் சொல்லத்தக்கது. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பிளம், பாதாமி, செர்ரித் தோப்புகளாக இருந்து, சிலிக்கனால் பெயர் பெறுவதற்கு முன் கனிகளால் பெயர் பெற்றிருந்தது. தோப்புகள் அலுவலகங்களாகிவிட்டன, சன்னிவேல் நகராட்சி பத்து ஏக்கர் பாதாமித் தோப்பை நினைவுச்சின்னமாகப் பேணிவருகிறது. ஆகவே பழம் பறிக்க விரும்புவோர் மே, ஜூன் மாதங்களில் கவுண்டியைத் தாண்டி ஒரு மணிநேரத்துக்கு மேல் பயணம் செய்து பிரென்ட்வுட் பண்ணைகளுக்குச் செல்கின்றனர். அங்கே வெயிலில் ஏணிமேல் ஏறிப் பழம் பறித்து, பறித்ததை நிறுத்து, அதற்குப் பணமும் கட்ட வேண்டும் என்று அறியும் தந்தை, தம் வாழ்நாளில் கூலி கொடுத்துப் பறிக்கவைத்ததும் உண்டு, கூலி வாங்கிப் பறித்தவர்களைக் கண்டதும் உண்டு, கூலிக்காரனே காசு கொடுப்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்று அந்தப் பண்ணையாரின் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறார். அந்த முழு ஆறு மாதத்தில் அவர் ஓர் அமெரிக்கரை மனமாரப் புகழ்வது இந்த ஒரு முறைதான்.

விருந்தினரைத் தரம்பிரிக்கும் நுட்பத்தையும் விட்டுவிடலாகாது. மனைவியின் பெற்றோர் வந்தால் யோசமிட்டி, இரண்டு இரவு விடுதி. தம் பெற்றோர் வந்தால் அன்றே திரும்பும் பயணம், எவர்சில்வர் தூக்கில் புளியோதரை. இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது என்பது மனைவியின் வாக்குமூலம். டெக்சஸிலிருந்து வரும் ஒன்றுவிட்ட அண்ணன் எந்தக் காட்சியையும் பார்ப்பதில்லை. வழியிலுள்ள வீடுகளின் விலையைக் கேட்டு, அந்தப் பணத்துக்குத் தம் ஊரான ஃபிரிஸ்கோவில் எத்தனை படுக்கையறை கிடைக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டே வருகிறார். நியூ ஜெர்சிக்காரருக்கு எல்லாம் பிடிக்கும், இட்லியைத் தவிர. எவர் வந்தாலும் ஒரு ஞாயிறு லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு உரியது: சைவர் வைணவர் என்ற வழக்கை ஒரே கூரையின்கீழ் தீர்த்துவைத்திருக்கும் அந்தக் கோயிலில், ஊர்காட்டி அதுவரை காட்டிய எந்த இடத்திலும் கேட்கப்படாத கேள்வி கேட்கப்படுகிறது: "அடுத்த வாரமும் இங்கயே வரலாமா?"

ஆனால் பெற்றோர் உண்மையில் காண விரும்புவது இவற்றுள் எதுவும் அன்று. அவர்கள் காண வந்தது மகன் வேலை செய்யும் இடம். வாயிலில் அட்டையைத் தொட்டால் மட்டுமே திறக்கும் கதவுகளைக் கொண்ட அந்த வளாகத்தில் விருந்தினரை வரவேற்பறைக்கு அப்பால் அழைத்துச்செல்ல விதி இடந்தருவதில்லை. மகன் ஒவ்வொரு வாரமும் "பார்க்கலாம்பா" என்கிறார். இதற்கு ஈடாக, ஊர்காட்டி பிற நிறுவனங்களின் வெளிப்புறங்களைக் காட்டுகிறார். கூபர்டினோவில் ஆப்பிளின் வட்டவடிவக் கட்டடத்துக்கு எதிரே 2017இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையத்தின் மாடியிலிருந்து நோக்கினால் மரங்களும், மரங்களுக்கு மேல் கூரையின் ஒரு கீற்றும் தெரியும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று தாய் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பாலோ ஆல்ட்டோவில் ஹியூலெட்டும் பேக்கார்டும் 1939இல் நிறுவனம் தொடங்கிய கார் கொட்டகையைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், உள்ளே போக முடியாது. "கார் ஷெட்டைப் பார்க்கவாடா இவ்ளோ தூரம்?" என்ற வினாவுக்கு ஊர்காட்டியிடம் விடை இல்லை. கவுண்டி எல்லையைக் கடந்து மென்லோ பார்க்கில் மெட்டா நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பின்புறமாகக் காட்டும்போதுதான் அவருக்குச் சற்றே வெற்றி கிட்டுகிறது: அந்த வளாகத்தில் முன்பு இருந்து, 2010இல் ஆரக்கிளுக்குக் கைமாறிய சன் மைக்ரோசிஸ்டம்ஸின் பலகையையே திருப்பிப் பயன்படுத்தியதால், பின்னால் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. ஐந்து நிமிடம் அதையே பார்த்த தந்தை, "உன் கம்பெனி போர்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டு, மகனின் அந்த வார உறக்கத்தைக் கெடுக்கிறார்.

நான்காம் மாதத்தில் தந்தை தாமே வெளியேறுகிறார். சன்னிவேல் பூங்காவில் மாலை நான்கு மணிக்குக் கூடும் பெற்றோர் சங்கம், பதிவு பெறாதது எனினும் செய்தித் தொடர்பில் எந்த நிறுவனத்துக்கும் இளைத்ததன்று. அதன் வழியாக அவர் முதியோர் சலுகைக் கட்டணமுள்ள கிளிப்பர் என்னும் பயண அட்டையையும், எல் கமினோ ரியல் சாலை நெடுக ஓடும் 22ஆம் எண் பேருந்தையும் பற்றி அறிந்துகொள்கிறார். காரில் போனால் எங்கே நிறுத்துவது என்ற ஒரே கவலையில் மகன் காட்டாமல் விட்ட கவுண்டி முழுவதும் அவருக்குத் திறக்கிறது. போன வாரம்தான் கும்பகோணத்திலிருந்து வந்திறங்கிய ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, பேருந்திலிருந்து இறங்கி ஒரு மைல் நடந்து, மகனின் அலுவலக வேலிக்கு வெளியே நின்று, மூன்றாம் மாடியில் கடைசிச் சன்னலைச் சுட்டி, என் பையன் உட்காருகிற இடம் அதுதான் என்று காட்டுகிறார். இரவு உணவின்போது இதைக் கேட்ட ஊர்காட்டி, தம் குழு போன ஆண்டே வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டதைத் தயக்கத்துடன் தெரிவிக்கிறார். தந்தை மோரை ஊற்றிக்கொண்டே சொல்கிறார்: "அவருக்கு அது தெரிய வேணாம். புதன்கிழமை அவர் பையன் ஆபீஸுக்குப் போறோம், அவரும் இப்பவே ஒரு ஜன்னல் பார்த்து வெச்சிருக்கார்."